பெட்டி கட்டுமுன் போட வேண்டிய ஊசி

உம்ராவுக்கோ, மத்திய கிழக்கில் தொழிலுக்கோ, வெளிநாட்டுப் படிப்புக்கோ ஒருவர் புறப்படுகிறார் என்றால் நமது வீடுகளில் ஆயத்தங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடும். மாசிச் சம்பல் இடிப்பார்கள், மிளகாய்த்தூள் வறுப்பார்கள், பெட்டியை நிறுத்துப் பார்ப்பார்கள். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் பயணம் சொல்லிவிட்டு வருவார்கள். மருந்தும் ஊசியும் மட்டும் கடைசிக் கிழமைக்குத் தள்ளிப் போய்விடும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. சம்பலை முதல் நாள் இரவிலும் இடிக்கலாம். ஊசியை முதல் நாள் போட்டால் அது கையில் வலியைத் தருமே தவிர காவலைத் தராது.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்பவள். சென்ற வருடம் எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் உம்ராவுக்குச் சென்றோம். உம்மும்மா, வாப்பா, உம்மா, நான், 8 வயதுத் தம்பி. உம்மும்மாவுக்கு 72 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. இரவில் இன்சுலின் போடுபவர். எங்கள் தாத்தா 5 மாதக் கைக்குழந்தையுடன் ஊரில் தங்கியிருந்தார். போகும் உம்மும்மாவையும் இருக்கும் குழந்தையையும் நினைத்தே வாப்பா எல்லாவற்றையும் திட்டமிட்டார். அந்த ஆயத்தத்தில் அறிந்துகொண்டவற்றையும், அதன் பின் பாடத்தோடு சேர்த்துத் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஊசி எப்படிக் கட்டாயமானது?

பயணத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போவதையும், அங்கிருந்து தப்பி வெளியேறுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். 1865ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் வாந்திபேதி பரவியது. சுமார் 15,000 ஹாஜிகள் அதில் மரணித்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. திரும்பிய கப்பல்களோடு நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. அதன் பின் 1882இல் செங்கடலில் உள்ள கமரான் தீவில் உஸ்மானிய அரசு ஒரு தடுத்துவைப்பு நிலையத்தை அமைத்தது. இந்து சமுத்திரத்தின் பக்கமிருந்து கப்பலில் சென்ற ஹாஜிகள் அங்கே இறங்கி, நாட்கணக்கில் தங்கி, நோயில்லை என்று உறுதியான பின்பே ஜித்தாவுக்குப் போக விடப்பட்டார்கள். அன்று ஒரு தீவில் காத்திருந்து கழித்த நாட்களைத்தான் இன்று நாம் ஓர் ஊசியாலும் ஓர் அட்டையாலும் மிச்சப்படுத்துகிறோம்.

இன்று ஹஜ், உம்ரா செல்வோரிடம் கேட்கப்படுவது மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளை உறை அழற்சிக்கான தடுப்பூசி. மூளையையும் முள்ளந்தண்டு நாணையும் சுற்றியுள்ள மென்சவ்வைத் தாக்கும் ஒரு பற்றீரியாவே இந்நோய்க்குக் காரணம். 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது இதன் ‘ஏ’ வகை பரவியது. அதைத் தொடர்ந்து சவூதி அரசு ஹாஜிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அப்போதைய ஊசி ‘ஏ’, ‘சி’ என்ற இரு வகைகளுக்கே காவல் தந்தது. 2000ஆம் ஆண்டில் ‘டபிள்யூ 135’ என்ற வேறொரு வகை பரவியது. ஊசி போட்ட ஹாஜிகள்கூட அந்த வகையைத் தொண்டையில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். பிரித்தானியா, பிரான்ஸ், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் ஹஜ்ஜுக்கே போகாத வீட்டார் நோயுற்றார்கள். அதன் பின்னரே ஏ, சி, டபிள்யூ, வை ஆகிய நான்கு வகைகளுக்கும் சேர்த்துக் காவல் தரும் ஊசி 2002இலிருந்து கட்டாயமானது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல், மே மாதங்களில் உம்ராப் பயணத்தோடு தொடர்புடைய 12 பேருக்கு இந்நோய் வந்ததாக அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய நாடுகள் அறிவித்தன. அவர்களில் இருவர் பயணமே போகாத, வீட்டிலிருந்தவர்கள். ஊசி போட்டாரா இல்லையா என்ற விபரம் தெரிந்த 9 பேரில் ஒருவர்கூட ஊசி போட்டிருக்கவில்லை.

இந்தப் பற்றீரியா, சுகதேகிகளான மனிதர் பத்துப் பேரில் ஒருவரளவில் தொண்டையில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கக்கூடியது. ஆனால் இரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் மணித்தியாலக் கணக்கில் ஆளை வீழ்த்திவிடும். சிகிச்சை கிடைத்தும் பத்துப் பேரில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் சிலர் கேட்கும் சக்தியை இழக்கிறார்கள். சிலருக்குக் கை, கால்களை அகற்ற வேண்டி வருகிறது. இலட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரசித் தவாஃப் செய்யும் இடத்தில் ஒருவரின் இருமல் எத்தனை பேரை எட்டும் என்று எண்ணிப் பார்த்தால், இந்த ஊசியை ஏன் ஒரு நாடு கட்டாயமாக்குகிறது என்பது விளங்கும்.

பத்து நாள் கணக்கு

“ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் போட்டா என்ன? ஊசி ஊசிதானே?” என்று உம்மும்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் நமது உயிரியல் பாடத்திலேயே இருக்கிறது.

தடுப்பூசி ஒரு மருந்தல்ல. அது ஒரு பாடம். நோய்க்கிருமியின் ஒரு பகுதியை உடலுக்குக் காட்டி, “இவன் வந்தால் இப்படித்தான் இருப்பான்” என்று அறிமுகம் செய்கிறது. அந்தப் பகுதியைப் பிறபொருளெதிரியாக்கி என்கிறோம். அதை அடையாளம் காணக்கூடிய நிணநீர்க்குழியங்கள் நம் உடலில் மிகச் சிலவே உண்டு. அவை முதலில் அதைக் கண்டுகொள்ள வேண்டும். பின்பு பிரிந்து பிரிந்து பெருக வேண்டும். அதன் பின்புதான் பிறபொருளெதிரிகளைப் போதியளவு சுரக்க முடியும். இந்த வேலைக்கு ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். எந்தக் காசும் எந்தச் சிபாரிசும் இதை விரைவுபடுத்தாது. எனவேதான் சவூதிக்குள் நுழைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதால் தம்பியும் கையை நீட்ட வேண்டியிருந்தது.

ஊசியில் இரு வகை உண்டு. ஒன்று பற்றீரியாவின் உறையிலுள்ள பல்சக்கரைட்டை மட்டும் கொண்டது. அதன் அட்டை 3 வருடங்களுக்குச் செல்லும். மற்றது அதே பல்சக்கரைட்டை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது. அது 5 வருடங்களுக்குச் செல்லும். சிறு குழந்தைகளின் உடல் தனிப் பல்சக்கரைட்டைச் சரியாக அடையாளம் காணாது. புரதத்தோடு இணைத்தால் கண்டுகொள்ளும். இந்த இணைப்பு வகை, தொண்டையில் கிருமி குடியிருப்பதையும் குறைக்கவல்லது. அதாவது போகிறவரை மட்டுமன்றி, வீட்டில் இருக்கும் குழந்தையையும் ஓரளவு காக்கிறது. உங்களுக்குப் போடப்பட்டது எந்த வகை என்று கேட்டு, அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை பயணம் போகும்போது ஊசி தேவையா என்பதை அதுவே சொல்லும்.

ஊசி போடும் இடத்தில்

கொழும்பு பொரளையிலுள்ள, எம்.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலேயே பயணத் தடுப்பூசிகள் போடப்படுகின்றன. நாங்கள் பயணத்துக்கு ஐந்து கிழமைக்கு முன் போனோம். கடவுச்சீட்டும், உம்மும்மாவின் கிளினிக் கொப்பியும், தம்பியின் தடுப்பூசி அட்டையும் கையில் இருந்தன. இந்த மூன்றையும் யாரும் மறக்கக் கூடாது. கடவுச்சீட்டில் உள்ள பெயரும் இலக்கமும் அட்டையில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். வைத்தியர் எதையாவது கேட்டால் கிளினிக் கொப்பி பதில் சொல்லும்.

முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்ததா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா, கர்ப்பமா, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்பவற்றை நாமாகவே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் பதினைந்து நிமிடமாவது அங்கேயே இருக்க வேண்டும். கை வலியும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும். ஆறாம் தரத்தில் எச்.பி.வி. ஊசி போட்ட நாளில் வரிசையில் நின்றே மயங்கி விழுந்த தோழிகளை நாம் பார்த்திருக்கிறோம். ஊசிக்குப் பயப்படுபவர்கள் வெறும் வயிற்றோடு போகாமல், சாப்பிட்டுவிட்டுப் போய், உட்கார்ந்தபடி போட்டுக்கொள்வது நல்லது.

“இந்த ஊசி ஹலாலா?” என்ற கேள்வியும் நம் வீடுகளில் எழுவதுண்டு. கேட்பதில் தவறில்லை. இந்தோனேசிய உலமா சபை 2010இல் இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்து, மெனிஞ்சைட்டிஸ் ஊசிகளில் இரண்டை ஹலால் என அறிவித்தது. ஐயமிருப்பவர்கள் ஊசியின் பெயரை எழுதிச் சென்று ஆலிம் ஒருவரிடமும் வைத்தியர் ஒருவரிடமும் நேரத்தோடு கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். நேரத்தோடு என்பதே முக்கியம். கடைசிக் கிழமையில் வரும் ஐயத்துக்குப் பதில் தேட நேரம் இருக்காது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. “ஊசி போடாமலே அட்டை எடுக்கலாமாமே!” என்பார்கள். அட்டையைப் பார்ப்பது விமான நிலையத்து அதிகாரி. கிருமி அட்டையைப் பார்ப்பதில்லை. இபாதத்துக்காகப் போகும் பயணத்தைப் பொய்க் கடதாசியோடு தொடங்குவதும், அந்தப் பொய்யின் விலையைப் பக்கத்தில் நிற்கும் முதியவரோ வீட்டிலிருக்கும் குழந்தையோ கட்ட நேர்வதும் நமக்குப் பொருந்துமா என்று பெற்றோரே சொல்லட்டும்.

ஆபிரிக்கா செல்வோர்

மெனிஞ்சைட்டிஸ் ஊசி ஹஜ், உம்ராவுக்குரியது. போகும் திசை மாறினால் தேவையும் மாறும். பேருவளை, சீனன்கோட்டைப் பகுதிகளிலிருந்து மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக மடகஸ்கார், கென்யா போன்ற நாடுகளுக்குப் போய்வருவோர் பலர். எங்கள் மாமாவும் அவர்களில் ஒருவர்.

கென்யா போன்ற நாடுகளில் மஞ்சட்காய்ச்சல் உண்டு. அதற்கான ஊசியையும் 10 நாட்களுக்கு முன் போட வேண்டும். 2016 ஜூலையிலிருந்து அதன் அட்டை ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகும். அந்நாடுகளிலிருந்து இலங்கைக்குள் வருவோரிடம் நமது அரசும் அந்த அட்டையைக் கேட்கிறது. காரணம், அந்த வைரசைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு நம் முற்றத்திலேயே இருக்கிறது. டெங்கைப் பரப்புவதும் அதுதான். இந்த ஊசி உயிருள்ள, வலுக்குறைத்த வைரசால் ஆனது. ஆகவே 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் போடலாமா என்பதை வைத்தியர் ஆராய்ந்தே முடிவெடுப்பார்.

மலேரியாவுக்கு நம் பயணிகள் எடுப்பது ஊசியல்ல, குளிசை. மாமா கிழமைக்கு ஒன்றாக எடுக்கும் வகையைப் பெற்றிருந்தார். மறக்காமலிருக்க வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாட்டோடு எடுப்பது அவரது வழக்கம். பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே தொடங்கி, அங்கிருக்கும் காலமெல்லாம் எடுத்து, ஊர் திரும்பியும் நான்கு வெள்ளி தொடர வேண்டும். “வீட்டுக்கு வந்தாச்சு, இன்னும் என்னத்துக்குக் குளிசை?” என்று மாமி கேட்டாராம். மலேரியாக் கிருமி நுளம்பு கடித்ததும் முதலில் ஈரலில் போய் ஒளிந்திருக்கும். நாட்கள் கழித்தே இரத்தத்துக்குள் வரும். கிழமைக்கொரு குளிசை இரத்தத்தில்தான் காவல் நிற்கிறது. கடைசி நாளில் கடித்த நுளம்பின் கிருமி வெளியே வரும்வரை அந்தக் காவல் இருக்க வேண்டும். நாளாந்தம் எடுக்கும் வேறு வகைகளும் உண்டு. யாருக்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். இந்தக் குளிசைகளைக் கொழும்பிலுள்ள மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகவே கொடுக்கிறது.

இதில் நாட்டின் மானமும் அடங்கியிருக்கிறது. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா நமது நாட்டில் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டு போனது. பெரும் முயற்சியின் பின் 1963இல் வருடத்துக்கு 17 நோயாளர் என்ற நிலைக்கு இறங்கியது. வென்றுவிட்டோம் என்று சற்றுக் கண்ணயர்ந்த ஆறே வருடத்தில், 1969இல், அந்த எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோயைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. அதற்குத் தேவை, கிருமியைச் சுமந்து வரும் ஒரு பயணி மட்டுமே.

மருந்துப் பை

பயணிகளில் பலருக்குப் புது நோயைவிடப் பழைய நோயே அதிகம் தொந்தரவு தரும். சீனி, பிரஷர், முட்டு வருத்தம், தைரொய்ட் போன்றவற்றுக்கு நாளாந்தம் மருந்து எடுப்பவர்கள், பயண நாட்களுக்குத் தேவையானதோடு ஒரு கிழமைக்கு மேலதிகமாகவும் கொண்டு செல்ல வேண்டும். விமானம் தாமதமாகலாம், பை தொலையலாம். எனவே முழு மருந்தையும் கைப்பையிலேயே வையுங்கள்.

நம் நாட்டில் ஒரு பழக்கம் உண்டு. கிளினிக்கிலும் பாமசியிலும் குளிசைகளைச் சிறு கடதாசி உறையில் போட்டு, “காலை 1, இரவு 1” என்று எழுதித் தருவார்கள். வீட்டில் அது போதும். விமான நிலையத்தில் பெயரில்லாத குளிசை சந்தேகத்துக்குரிய குளிசை. வேறு நாட்டு வைத்தியருக்கும் அந்த உறை எதையும் சொல்லாது. ஆகவே பெயர் அச்சிட்ட மட்டையோடும் பெட்டியோடும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள். கூடவே நோய்களின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதத்தை வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். இன்சுலினும் ஊசி முனையும் கொண்டு போவோருக்கு இந்தக் கடிதம் மிக அவசியம்.

அந்தக் கடிதத்தில் கம்பனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் சொந்தப் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு வியாபாரப் பெயர்கள் உண்டு. நாம் பனடோல் என்பதன் சொந்தப் பெயர் பரசிற்றமோல். மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும், வாங்க வேண்டும் என்று உலகுக்கே வழிகாட்டியவர்களில் ஒருவர் நமது பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. ஏழைகளுக்கு மருந்து மலிவாகக் கிடைக்க அவர் காட்டிய வழி, பயணிக்கும் கைகொடுக்கிறது.

இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒரு புரதம். அதிக வெப்பமும் உறைகுளிரும் அதைக் கெடுத்துவிடும். விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைத்தால் உறைந்துபோகக் கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பழையபடி தெரிந்தாலும் பயன்படாது. திறக்காதவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். பாவனையில் உள்ளதை 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் சுமார் நான்கு கிழமைக்கு வைத்திருக்கலாம். ஆனால் மக்காவின் கோடையில் 30 பாகையை எங்கே தேடுவது? 2024 ஹஜ்ஜின்போது ஹரம் ஷரீபில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,300 பேருக்கு மேல் மரணித்தார்கள். நமது வீடுகளில் தண்ணீரைக் குளிராக வைக்க மண்முட்டியைப் பாவிப்பதில்லையா? ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும் அதே முறையில் வேலை செய்யும் இன்சுலின் பைகள் விற்பனைக்கு உண்டு. தண்ணீரில் நனைத்தால் போதும், ஐஸ் தேவையில்லை. ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி வைப்பது கூடவே கூடாது.

சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. ஆகவே மருந்து நேரத்தில் பெரிய குழப்பம் வராது. ஆனால் நடை கூடும், சாப்பாடு மாறும், வியர்வை அதிகரிக்கும். உம்மும்மாவின் வைத்தியர் அவருடைய இன்சுலின் அளவையும், சிறுநீர் போகக் கொடுக்கும் பிரஷர் குளிசையையும் பயணத்துக்கென மீளப் பார்த்துத் தந்தார். சீனி இறங்கினால் சாப்பிடவென்று அவரது இடுப்புப் பையில் எப்போதும் குளுக்கோசும் ஈச்சம்பழமும் இருந்தன.

பிறருடைய குளிசை

பயணம் போகிறோம் என்று தெரிந்தால் பார்சல்கள் வரும். நம் ஊர்களில் இது அன்பின் வழக்கம். எங்கள் அயலில் உள்ள ஒரு மாமி, ஜித்தாவில் வேலை செய்யும் மகனுக்கென்று கொஞ்சம் கருவாடும், ஒரு பொதி குளிசையும் கொண்டு வந்தார்.

“மகனுக்கு முதுகு நோவு வாப்பா. அங்க டொக்டருக்குக் காட்டக் காசு கூட. இதைக் கொடுத்துடுங்கோ.”

வாப்பா மட்டையைத் திருப்பிப் பார்த்தார். ப்ரீகபலின் என்று இருந்தது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் அந்த மருந்து சவூதியில் கட்டுப்படுத்தப்பட்ட ஒன்று. ட்ரமடோல், கோடீன் போன்ற வலி மருந்துகளும் அப்படியே. தனக்கென்று கொண்டு போகிறவருக்கே வைத்தியரின் சீட்டும், அந்நாட்டின் முன் அனுமதியும் தேவை. அளவுக்கும் வரையறை உண்டு. பிறருடையதைக் கொண்டு போனால் அது மருந்தாகக் கணக்கில் எடுக்கப்படாமல் கடத்தலாகப் போய்விடலாம். 2017இல் எகிப்துக்கு 290 ட்ரமடோல் குளிசைகளைக் கொண்டு சென்ற பிரித்தானியப் பெண்ணொருவருக்கு மூன்று வருடச் சிறை விதிக்கப்பட்டது. அங்குள்ள ஒருவரின் முதுகு வலிக்காகக் கொண்டு வந்தேன் என்றே அவரும் சொன்னார்.

வாப்பா கருவாட்டை எடுத்துக்கொண்டார். “மாமி, இந்தக் குளிசையோட என்னைப் பிடிச்சா உங்கட மகனும் மாட்டுவார். அவருக்கு நல்லது நெனைச்சா அங்கேயே காட்டச் சொல்லுங்க” என்று மெதுவாகச் சொன்னார். மாமிக்கு முகம் வாடியது உண்மைதான். ஆனாலும் பிற்பகல் மகனிடம் பேசிவிட்டு, “அவனும் வேணாம் எண்டுட்டான்” என்று வந்து சொன்னார். முகம் பார்த்து மறுக்க முடியாமல் போவதே நம்மவர் பலரின் சிக்கல். மறுப்பதும் ஓர் உதவிதான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

உம்ராவுக்குப் போகும் பெண்கள் தவாஃபை நினைத்து மாதவிடாயைத் தள்ளிப்போடக் குளிசை எடுப்பது உண்டு. இதை வைத்தியரிடம் கேட்க வெட்கப்பட்டு, முன்பு போய்வந்தவரிடம் மிஞ்சிய குளிசையை வாங்கி விழுங்குவோரும் உண்டு. அது ஓமோன் மருந்து. இரத்தம் உறைந்த நோய் வந்தவர்களுக்கும், ஒற்றைத் தலைவலி, ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் விமானப் பயணத்தில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு வேறு இருக்கிறது. எடுப்பதா, வேண்டாமா, எந்த நாளில் தொடங்குவது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். உம்மாவும் நானும் ஒரு பெண் வைத்தியரிடம் போய்க் கேட்டோம். ஐந்து நிமிடத்தில் முடிந்த பேச்சு அது. தாய்மார் தம் பிள்ளைகளோடு இதைப் பேச வேண்டும். பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

திரும்பி வந்த பின்

பயணம் விமானம் தரையிறங்கியதும் முடிந்துவிடுவதில்லை. கடும் காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் வந்து, கழுத்தை மடக்க முடியாமல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், அல்லது கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் தோலில் தோன்றினால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆபிரிக்கா போன்ற மலேரியா உள்ள இடங்களுக்குப் போய்வந்தவர்கள், ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கச் சொல்ல வேண்டும். இங்கே காய்ச்சல் என்றதும் டெங்கைத்தான் முதலில் நினைப்பார்கள். “நான் இன்ன நாட்டுக்குப் போய்வந்தேன்” என்ற ஒரு வசனம் வைத்தியரின் யோசனையையே மாற்றிவிடும்.

நாங்கள் திரும்பிய அன்று வீடு நிறைய ஆட்கள். உம்மும்மாவுக்கு இருமல் இருந்தது. கொள்ளுப்பேத்தியைத் தூக்க ஆசை அவருக்கு இருந்தும், முகக்கவசம் போட்டுக்கொண்டு தூரத்தில் இருந்தே பார்த்தார். “ஸம்ஸம் தண்ணி கொண்டுவந்தேன், இருமலைக் கொண்டுவந்து கொடுக்க ஏலாது” என்றார். நான்கு நாளில் இருமல் நின்றது. அதன் பிறகே குழந்தை அவர் மடிக்கு வந்தது.

இறுதியாக, பயணத் திகதி குறித்ததும் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கலாம்.

ஆறு கிழமைக்கு முன்: வைத்தியரிடம் போக வேண்டும். எந்த நாடு, எத்தனை நாள், யார் யார், என்னென்ன நோய் என்று சொல்லித் தேவையான ஊசிகளை அறிந்துகொள்ள வேண்டும்.

நான்கு கிழமைக்கு முன்: ஊசிகளைப் போட்டு முடித்து, அட்டையில் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், திகதி, ஊசி வகை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். மலேரியா உள்ள நாடென்றால் குளிசையைப் பெற வேண்டும்.

இரண்டு கிழமைக்கு முன்: நாளாந்த மருந்துகளை மட்டையோடு வாங்கி, ஆங்கிலக் கடிதத்தைப் பெற்று, கொண்டு போகும் மருந்துகளில் அந்நாடு கட்டுப்படுத்திய எதுவும் உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

கடைசிக் கிழமை: மருந்தைக் கைப்பையில் வைத்து, அட்டைகளையும் கடிதத்தையும் படமெடுத்துக் குடும்பத்தில் இன்னொருவரின் போனிலும் சேமிக்க வேண்டும். அதன் பிறகு ஆறுதலாக மாசிச் சம்பல் இடிக்கலாம்.

இந்த வருடம் பயணம் போக நிய்யத் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சுகமாய்ப் போய், சுகமாய்த் திரும்பி, வீட்டிலிருப்போருக்கும் சுகத்தையே கொண்டுவர அல்லாஹ் அருள்புரிவானாக.